பால்மரக் கட்டையில் சிப்பிக் காளான்: அவசரமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குக் காளான் புதிதல்ல. மறுநடவுக்காகச் சாய்க்கப்பட்ட பால்மரங்கள் மழையில் நனைந்து கிடக்கும்போது, அவற்றில் விசிறி போல முளைக்கும் சிறு காளான்களைப் பறித்துச் சமைக்கும் வழக்கம் மலேசியாவில் உண்டு. தாமான் வீடுகளுக்குக் குடிவந்துவிட்ட குடும்பங்கள் இன்று சந்தையில் வாங்குவதோ சிப்பிக் காளான். மலாய்மொழியில் செண்டாவான் தீராம். இதையும் வீட்டின் பின்புறத்தில், ஒரு மரக்கட்டையிலேயே வளர்க்கலாம். முதல் உலகப் போரின்போது உணவுக்குத் தவித்த ஜெர்மனியில்தான் இந்த வளர்ப்பு முறை தொடங்கியது.

எந்த மரம்?

வன்மரம் என்றதும் மெர்பாவ் போன்ற உறுதியான மரத்தைத் தேடுவது தவறு. வீடு கட்ட, பூசணம் தொடாத மரம் நல்லது. காளானுக்கோ பூசணம் தொடும் மரம்தான் வேண்டும், ஏனெனில் காளானே ஒரு பூசணம்தான். நம் நாட்டுக் காளான் பண்ணைகள் பால்மரத் தூளையே பெரிதும் பயன்படுத்துவதால், பால்மரக் கட்டை பொருத்தமானது. மாமரக் கிளையும் உதவும். தளவாடக் கடைகளில் மிஞ்சும் பால்மரத் துண்டுகள் மட்டும் வேண்டாம். பூச்சியும் பூசணமும் அண்டாதிருக்க அவற்றில் மருந்து ஏற்றியிருப்பார்கள்.

10 முதல் 15 சென்டிமீட்டர் தடிமனும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள, பட்டை உரியாத கட்டையே சிறந்தது. நோயில்லாத மரத்திலிருந்து வெட்டியதாக அது இருக்க வேண்டும். வெட்டிய பின் சில நாள்கள் விட்டு, இரண்டு வாரங்களுக்குள் விதைப்பது நல்லது. நம் வெப்பத்தில் தாமதித்தால் வேறு பூசணங்கள் முந்திக்கொண்டு குடியேறிவிடும்.

எப்படி விதைப்பது?

காளான் விதை என்பது நெல்லைப் போன்ற மணி அல்ல. வெள்ளைப் பூசண இழை படர்ந்த மரத்தூளையே விதை என்கிறார்கள். கட்டையில் 12 மில்லிமீட்டர் அகலமும் 3 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட துளைகளை, 15 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாகப் போட வேண்டும். அடுத்த வரிசையின் துளைகள் முதல் வரிசைத் துளைகளுக்கு நேராக வராமல் இடையில் அமையட்டும். கைகளை நன்கு கழுவிவிட்டு, விதையைத் துளைகளில் இறுக்கி நிரப்பி, மேலே உருக்கிய மெழுகைப் பூச வேண்டும். மெழுகு ஈரத்தைக் காக்கும், வேறு பூசணங்களையும் தடுக்கும்.

பிறகு கட்டையை நிழலான, காற்றோட்டமான இடத்தில் செங்கற்களின் மேல் வைக்க வேண்டும். தரையில் கிடந்தால் கரையான் ஏறிவிடும். மழை பெய்யாத நாள்களில் தண்ணீர் தெளிக்க வேண்டும். கட்டை மிகவும் காய்ந்துவிட்டால் 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைக்கலாம். அதன் பின் அந்தத் தொட்டியைக் கவிழ்த்துவிட மறக்கக்கூடாது. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும். காளானுக்கு ஆசைப்பட்டு டிங்கியை வரவழைக்கலாமா?

தொழிலா, குழம்பா?

மரத்தூள் பையில் ஓரிரு மாதத்தில் காளான் கிடைக்கும். கட்டையிலோ பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். இழை மரத்தின் உள்ளே சிறிது சிறிதாகப் பரவி, கட்டையின் முனையில் வெள்ளையாகத் தெரியும்போதுதான் அறுவடை நெருங்குகிறது என்று பொருள். அதன் பிறகு மழைக்கு மழை முளைக்கும். மரம் மக்கித் தீரும் வரை மறுவிதைப்பும் தேவையில்லை.

ஆகவே, கட்டைக் காளான் வீட்டுக் குழம்புக்கு உரியது, வாரந்தோறும் சந்தைக்கு அனுப்புவதற்கு உரியதல்ல. கையிலுள்ள சேமிப்பைப் போட்டு, மாத வருமானம் கிடைக்கும் என்று நம்பி நூறு கட்டைகளை அடுக்குவதைவிட, இரண்டு கட்டைகளில் தொடங்கிப் பழகுவதே அறிவுடைமை. தொழிலாகச் செய்ய விரும்புவோர் பை முறையைக் கற்றுக்கொள்வதே மேல்.

பறிக்கும் முன் பாருங்கள்

விதைத்தது சிப்பிக் காளான் என்பதற்காகக் கட்டையில் முளைப்பதெல்லாம் சிப்பிக் காளான் ஆகிவிடாது. ஜப்பானில் பலகாலம் உண்ணப்பட்டு வந்த சுகிஹிராதாக்கே என்னும் வெள்ளைக் காளானும் மரத்தில்தான் முளைக்கிறது. 2004இல் அதை உண்டவர்களில் பலர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். நிறமோ காம்போ சற்று மாறியிருந்தாலும், தெரிந்தவர்களிடம் காட்டாமல் சட்டியில் போடக்கூடாது. வெள்ளிக்காசைப் போட்டால் விஷம் தெரியும் என்பதெல்லாம் வெறும் நம்பிக்கைதான்.

காளானின் விளிம்பு மேல்நோக்கி மடங்கும் முன்பே பறித்துவிட வேண்டும். முற்றினால் வெள்ளைத் தூள் உதிரும். அதைத் தொடர்ந்து சுவாசிப்பது நுரையீரலுக்கு ஆகாது. ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் கட்டை வெளியிலேயே இருக்கட்டும். பறித்ததை நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும்.

மாமரக் கிளையை வெட்டினால் குப்பை லோரிக்காகக் காத்திருப்பது நம் வழக்கம். அடுத்த முறை அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்தால், சில மாதங்களில் அதுவே அடுப்படிக்குக் கறி தரும்.