கரிசல் காட்டுக் கால்பந்துக் கோஷ்டி

கால்பந்து என்றதும் எந்த ஊர் நினைவுக்கு வரும்?

கல்கத்தா என்பார்கள் சிலர். கேரளம் என்பார்கள் சிலர். மணிப்பூர் என்பார்கள், விஷயம் தெரிந்தவர்கள்.

காரியாபட்டி என்று யாராவது சொல்வார்களா?

சொல்லத்தான் வேண்டும். 2019-ம் ஆண்டில் இந்தியப் பெண்கள் லீக் கால்பந்துப் போட்டியில் முதல் இடம் பிடித்தது, காரியாபட்டிக் கோஷ்டிதான்!

வானம் பார்த்த பூமி

மதுரையில் இருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது காரியாபட்டி. அங்கிருந்து தென்கிழக்கே போனால் திருச்சுழி வரும்.

இது வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி உண்டு, சோளம் உண்டு. பெய்யாவிட்டால் சீமைக் கருவேல மரம்தான் கதி. அதை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கிப் பிழைக்கிறவர்கள் பலர்.

புல் முளைக்கவே தண்ணீர் போதாத இந்த மண்ணில் கால்பந்தா?

ஆம்! காரியாபட்டியை அடுத்த புல்லூரில் சேது பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதன் ஆதரவில் 2016-ம் ஆண்டு பெண்களுக்காக ஒரு கால்பந்துக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் பெயர் "சேது எப்.சி."

லீக் என்றால் என்ன?

அந்தச் சமயத்தில்தான் "இந்தியப் பெண்கள் லீக்" என்ற போட்டியும் ஆரம்பமாயிற்று.

"நாக்-அவுட்" என்று ஒரு முறை உண்டு. அதில் ஒரு தடவை தோற்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

லீக் அப்படி அல்ல. ஒவ்வொரு கோஷ்டியும் மற்றக் கோஷ்டிகளுடன் மோத வேண்டும். ஜெயித்தால் 3 புள்ளி. சமமாக முடிந்தால் 1 புள்ளி. தோற்றால் ஒன்றும் இல்லை. கடைசியில் கூட்டிக் கணக்குப் பார்ப்பார்கள்.

இன்று தோற்றவர்கள் நாளை மறுபடி ஆடலாம். செய்த தவறைத் திருத்திக்கொள்ளலாம். ஆட்டம் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

முதல் லீக் 2016-17-ல் நடந்தது. கடைசிக் கட்டத்தில் 6 கோஷ்டிகள் ஆடின. அவற்றில் ஒன்று, சென்னை ஜேப்பியார் கல்லூரிக் கோஷ்டி. இன்னொன்று, அரியானாவில் உள்ள அலக்புரா என்ற கிராமத்தின் கோஷ்டி! மணிப்பூரின் "ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன்" கோப்பையை வென்றது.

கடலூர்ப் பெண்கள்

சேது கோஷ்டியில் ஆடியவர்கள் எல்லோரும் காரியாபட்டிக்காரர்களா? இல்லை. பல ஊர்ப் பெண்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

கடலூரில் மாரியப்பன் என்று ஒரு பயிற்சியாளர். 2004-ம் ஆண்டு சுனாமி அடித்த பிறகு, அந்தப் பகுதியின் ஏழைப் பெண்களுக்குக் கால்பந்து கற்றுக் கொடுத்து வந்தார். அவரிடம் பழகியவர்களில் இரண்டு பேர் இந்துமதி, சந்தியா. சந்தியா, அரசாங்க விடுதியில் தங்கிப் படித்து வளர்ந்தவர்.

இருவரும் இந்தியாவுக்காக ஆடினார்கள். சேது கோஷ்டிக்காகவும் ஆடினார்கள்.

2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில் தேசியப் போட்டி நடந்தது. அதன் இறுதி ஆட்டத்தில் மணிப்பூரை 2-1 என்று தமிழ்நாடு வீழ்த்தியது. தமிழ்நாட்டுப் பெண்கள் அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் தடவை.

லூதியானாவில் வெற்றி

மூன்றாவது லீக் 2019-ம் ஆண்டு மே மாதம் பஞ்சாபில் உள்ள லூதியானாவில் நடந்தது. கொளுத்துகிற வெயில் காலம்! 12 கோஷ்டிகள் வந்திருந்தன.

சேது கோஷ்டியில் நேப்பாளத்துப் பெண் ஒருவர் இருந்தார். பெயர் சபித்ரா பண்டாரி. இரண்டு மாதத்துக்கு முன்புதான் அவர் நேப்பாளத்துக்காக இந்தியாவை எதிர்த்து ஆடினார். அன்று எதிர் எதிராக நின்றவர்கள், இங்கே ஒரே கோஷ்டியில் தோளோடு தோள் சேர்ந்து ஆடினார்கள்!

மே 22-ந் தேதி இறுதி ஆட்டம். எதிரே நின்றது மணிப்பூர் போலீஸ் கோஷ்டி. மணிப்பூர் என்றால் சாமான்யம் அல்ல. தேசியப் பட்டத்தை இன்றுவரை 20 தடவைக்கு மேல் வென்ற மாநிலம் அது.

முடிவு என்ன? சேது 3, மணிப்பூர் போலீஸ் 1.

கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது. இந்தக் கோஷ்டிக்குப் பயிற்சி அளித்தவரும் ஒரு பெண்தான். அவர் பெயர் அமிர்தா அரவிந்த்.

மைதானத்தை மூடினார்கள்!

வெற்றி சரி. இனித்தான் முக்கியமான விஷயம்.

கால்பந்து பிறந்த இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். 1920-ம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், லிவர்பூல் நகரில் பெண்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க சுமார் 53 ஆயிரம் பேர் கூடினார்கள்!

மறு ஆண்டே அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கம் ஒரு தடை போட்டது. "கால்பந்து பெண்களுக்கு ஏற்றது அல்ல" என்று காரணம் சொன்னது. சங்கத்தைச் சேர்ந்த கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்றது.

சுமார் 50 ஆண்டு அந்தத் தடை இருந்தது. 1971-ல்தான் நீங்கியது. ஆடத் தெரிந்த பெண்கள் இருந்தார்கள். பார்க்க ஜனங்களும் இருந்தார்கள். ஆட இடம் இல்லை, ஆட்டம் இல்லை. அதனால் பெண்கள் கால்பந்து நலிந்து போயிற்று.

வருஷத்துக்கு ஏழே ஆட்டம்!

நம் நாட்டில் தடை ஏதும் இல்லை. ஆனால் ஆட்டம் குறைவு.

2019-ல் சேது கோஷ்டி லீக்கில் ஆடியது மொத்தம் 7 ஆட்டம். 18 நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. 2020-21 லீக், கொரோனாவால் நடக்கவே இல்லை. 2022-ல் சேது கோஷ்டிக்கு இரண்டாம் இடம் கிடைத்தது.

2023-24-ல் ஒரு மாறுதல் வந்தது. சொந்த ஊரில் ஓர் ஆட்டம், எதிரி ஊரில் ஓர் ஆட்டம் என்று லீக் நடந்தது. 7 கோஷ்டிகளுக்கும் தலா 12 ஆட்டம் கிடைத்தது. அதற்கு முன்பே, 2023-ல், லீக் வீராங்கனைகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் சம்பளம் என்று அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அறிவித்தது. ஆனால் ஒவ்வொரு கழகத்திலும் 10 பேருக்கு இது கிடைத்தால் போதும் என்பதுதான் விதி.

பந்தை உதைத்தால் சோறு வருமா?

பெண்ணைப் பெற்றவர்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

இந்துமதி தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். 2020-ல் ஊரடங்கின்போது, முகக் கவசம் அணிந்து சென்னைத் தெருவில் காவல் நின்றார். சபித்ரா 2024-ல் பிரான்ஸ் தேசத்துக் கழகம் ஒன்றில் சேர்ந்தார்.

தமிழ்நாடு அரசாங்க வேலைகள் சிலவற்றில், விளையாட்டில் சிறந்தவர்களுக்கு நூற்றுக்கு 3 இடம் ஒதுக்கப்படுகிறது. ஆனால், சான்றிதழ் இல்லாமல் அந்த இடம் கிடைக்காது. போட்டியில் ஆடாமல் சான்றிதழ் கிடைக்காது. உள்ளூரில் போட்டி நடக்காவிட்டால், பெண்கள் எங்கே போய் ஆடுவார்கள்?

கடலூரில் கற்றுக் கொடுக்க ஒருவர் இருந்தார். புல்லூரில் ஆட ஒரு மைதானம் கிடைத்தது. இரண்டும் சேர்ந்ததால் கோப்பை வந்தது.

திருச்சுழியிலும், அருப்புக்கோட்டையிலும், சுற்றி உள்ள கிராமங்களிலும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. மைதானத்தில் முள்ளை வெட்டி, இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, பள்ளிக்குப் பள்ளி ஒரு சிறு லீக் நடத்தலாம். அதற்கு லட்சங்கள் வேண்டாம். ஒரு பந்து, ஒரு விசில், விட்டுக்கொடுக்காத ஓர் ஆசிரியர் போதும்.

கோப்பை ஒரு நாள் சந்தோஷம். ஆட்டம் ஆண்டு முழுவதும் வேண்டும்!