அரட்டையும் அமானிதமும்



தென்காசிக்கு அருகே, குற்றாலத்துச் சாரல் எட்டும் தொலைவில், மத்தளம்பாறை என்னும் சிற்றூர் உள்ளது. ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் ஒன்று அங்கே இயங்கி வருவதை நீங்கள் அறிவீர்கள். அந்நிறுவனம் 2021 ஜனவரியில் வெளியிட்ட ‘அரட்டை’ என்னும் செயலி நான்காண்டுகளுக்கும் மேலாகப் பெரிதும் பேசப்படாமலே கிடந்தது. 2025 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சர்கள் சுதேசிச் செயலிகளை ஆதரிக்குமாறு அழைப்பு விடுத்ததும் நிலைமை தலைகீழாயிற்று. நாளொன்றுக்கு 3,000 ஆக இருந்த புதிய பதிவுகள் மூன்றே நாட்களில் 3,50,000 ஆக உயர்ந்தன என்று அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார்.

நம் மண்ணின் பெயர் நாடெங்கும் பேசப்படுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் ‘ஜமாஅத் குழுவையும் அரட்டைக்கு மாற்றிவிடலாமா ஹஜ்ரத்?’ என்று இளைஞர்கள் கேட்கும்போது, ஊர்ப்பற்றை மட்டும் வைத்து விடை கூறிவிட முடியாது. ஏனெனில் மஹல்லாவின் செய்திகளில் பாங்கு நேரமும் ஜனாஸா அறிவிப்பும் மட்டுமா இருக்கின்றன? ஜகாத் பெறும் விதவையின் பெயர் இருக்கிறது. பெண் கேட்டு வந்த வீட்டாரின் விவரம் இருக்கிறது. கணவன் மனைவி பிணக்கில் இரு தரப்பாரும் எழுதியனுப்பிய முறையீடு இருக்கிறது. இவை வெளியே கசிந்தால் ஒரு குடும்பம் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க இயலாது.

ஒருவர் பேசும்போது சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்துக்கொண்டால், அப்பேச்சே அமானிதமாகிவிடுகிறது என்னும் கருத்தில் நபிமொழி வந்துள்ளது. ‘இதை வெளியில் சொல்லாதே’ என்று அவர் வாய்திறந்து கேட்டிருக்க வேண்டியதில்லை. பிறர் வீட்டினுள் அனுமதியின்றி நுழையலாகாது என்பதை அந்நூர் அத்தியாயத்தின் 27-ஆம் வசனமும், துருவித்துருவி ஆராயலாகாது என்பதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-ஆம் வசனமும் போதிக்கின்றன. நம் நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வும் 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது.

இனி, மறையாக்கம் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். அஞ்சலட்டையில் எழுதியதைத் தபால்காரரும் படிக்கலாம். ஒட்டிய உறைக்குள் வைத்ததைப் பெறுபவரே பிரித்துப் படிப்பார். முனைக்கு முனை மறையாக்கம் என்பது பூட்டிய உறை போன்றது. திறவுகோல் அனுப்புபவரின் கைபேசியிலும் பெறுபவரின் கைபேசியிலும் மட்டுமே இருக்கும். நடுவிலுள்ள நிறுவனத்தாரிடம்கூட இராது. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் இதை அனைவருக்கும் தானாகவே அமையும்படி செய்தது. அதற்குப் பயன்பட்ட நெறிமுறை சிக்னல் செயலியை உருவாக்கியவர்களுடையது. டெலிகிராமில் ‘ரகசிய உரையாடல்’ என்று தனியே தொடங்கினாலன்றி இப்பூட்டு கிடையாது. அதன் குழுக்களுக்கு அதுவும் இல்லை. பலர் இதற்கு நேர்மாறாக எண்ணிக்கொண்டிருக்கின்றனர்.

அரட்டையில் கூட்டம் பெருகிய அந்நாட்களில் அழைப்புகளுக்கு மட்டுமே இப்பூட்டு இருந்தது. எழுத்துச் செய்திகளுக்கு இயல்பாக இல்லை. குறை சுட்டிக்காட்டப்பட்டபின் 2025 நவம்பரில் தனிநபர் உரையாடல்களுக்கு அது வழங்கப்பட்டது. ஆகவே குழு தொடங்க விரும்புவோர், குழுவுக்கும் அவ்வசதி உண்டா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உறை பூட்டியிருந்தாலும் முகவரி வெளியே தெரியுமல்லவா? யார், யாருடன், எப்போது பேசினார் என்பதை வாட்ஸ்அப் நிறுவனம் அறிய முடியும். 2021 ஜனவரியில் அது தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்தவுடன் மக்கள் அஞ்சி சிக்னலுக்கு ஓடியது இதனால்தான். இலாப நோக்கற்ற அறக்கட்டளையால் நடத்தப்படும் சிக்னல், கணக்கு தொடங்கிய நாளையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர வேறெதையும் பெரும்பாலும் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் ஓடியவர்களில் பலர் திரும்பிவிட்டனர். ஏன்? அங்கே பேச ஆளில்லை! சீசன் காலத்தில் பேரருவியில் இடிபட்டாலும் எல்லோரும் அங்கேதானே போகின்றனர். உம்மாவும் மாமியும் வாட்ஸ்அப்பில் இருக்க, மகன் மட்டும் சிக்னலில் இருந்து என்ன பயன்? வளைகுடாவில் பிழைக்கும் நம் பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கலானது. அமீரகத்தில் வாட்ஸ்அப் பேச்சழைப்புகள் பல்லாண்டுகளாகத் தடுக்கப்பட்டமையால் அவர்கள் போட்டிம் போன்றவற்றை நாட நேர்ந்தது. குடும்பத்தின் குரல் கேட்பதற்காகத் தனியுரிமையில் சிறிது விட்டுக்கொடுப்பவரை நாம் குறைகூற முடியாது.

‘குற்றவாளிகளும் இப்பூட்டினுள் ஒளிகிறார்களே’ என்ற கேள்வியும் நியாயமானதே. 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கொன்றில், செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறியும் வழி குறித்து சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி யோசனை வழங்கினார். 2021-இல் ஒன்றிய அரசு அதையே விதியாக்கியது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் நாட்டைவிட்டே வெளியேற நேரும் என்று வாட்ஸ்அப் 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் கூறியது. ஒரு திருடனைப் பிடிக்க ஊரார் அனைவரின் சாவியையும் வாங்கி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எனவே, பொது அறிவிப்புகள் மக்கள் இருக்குமிடத்திலேயே, வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஜகாத், நிகாஹ், பிணக்கு தொடர்பானவற்றை நிர்வாகிகள் ஐந்தாறு பேர் மட்டும் சிக்னலில், ஒரு வாரத்தில் தானே மறையும்படி அமைத்துப் பேசிக்கொள்ளலாம். ஐந்து பேரை மாற்றுவது எளிது, ஐந்நூறு பேரை மாற்றுவதே கடினம். அரட்டையை விரும்புவோர் மேற்சொன்னதைப் பார்த்துவிட்டுப் பயன்படுத்தட்டும்.

வாட்ஸ்அப்பின் பேக்அப் கூகுள் கணக்கில் சேமிக்கப்படும்போது அதற்குத் தனியே பூட்டுப் போட வேண்டும். 2021 அக்டோபர் முதல் அவ்வசதி உண்டு, பலர் அதைத் தொட்டதே இல்லை. குழுவிலுள்ள ஒருவரே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் எந்தப் பூட்டும் உதவாது, அது மோசடி. ஆகவே ஜகாத் பெறுவோர் பட்டியலை எச்செயலியிலும் ஏற்றாமல், பள்ளிவாசல் அலுவலக நோட்டில் எழுதி பீரோவில் வைப்பதே மேல் என்பது என் கருத்து. சாவி முத்தவல்லியிடம் இருக்கட்டும்.