குமரிக் கரையில் சைக்கிள் யாத்திரை

கன்னியாகுமரிக்குப் போய் வந்தவர்கள் வீட்டில் சங்கு மாலையோடு ஒரு பொட்டலம் வர்ண மணலும் இருக்கும். கறுப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று தனித்தனியாகப் பிரித்துக் கடைகளில் விற்கிறார்கள். இந்த நிறங்கள் எப்படி வந்தன என்று கேட்டால் வீட்டுப் பாட்டி ஒரு கதை சொல்லுவாள். சுசீந்திரம் சுவாமிக்கும் குமரி அம்மனுக்கும் நடக்கவிருந்த விவாகம் முகூர்த்தம் தவறி நின்றுபோயிற்றாம். விருந்துக்குக் குவித்து வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டனவாம். கலாசாலையில் படிக்கும் பேரன் சிரிப்பான். "அதெல்லாம் எரிமலைச் சாம்பல், பாட்டி" என்பான். இருவரில் பாட்டியே உண்மைக்குச் சற்றுக் கிட்ட நிற்கிறாள் என்பது நமது அபிப்பிராயம். அரிசி பருப்பைப் போலவே இந்த மணலும் புடைத்துத் தரம் பிரித்த சரக்குத்தான். யார் புடைத்தார்கள், எந்தச் சுளகில் புடைத்தார்கள் என்று காண வேண்டுமானால் கரையோரமாகச் சைக்கிளில் போக வேண்டும்.

சைக்கிள் என்று சொல்லுவதற்குக் காரணம் உண்டு. மோட்டாரில் பறக்கிறவர்களுக்குக் கரையின் நிறம் மாறுவது தெரியாது. நடக்கிறவர்களுக்கோ ஒரு கிராமத்து மணலை மறக்குமுன் அடுத்த கிராமம் வராது. ஸ்பெயின் தேசத்தின் தென்கிழக்குக் கோடியில் காபோ தே காத்தா என்று ஒரு கடலோரப் பிரதேசம் இருக்கிறது. பழைய எரிமலைகள் கக்கிய குழம்பு இறுகிக் குன்றுகளாக நிற்கும் இடம். அதை 1987-ஆம் வருஷத்தில் இயற்கைப் பூங்காவாகப் பிரகடனம் செய்தார்கள். ஐரோப்பியர்கள் அங்கே சைக்கிளில் சுற்றுவதைப் பெரிய ஆனந்தமாகக் கருதுகிறார்கள். நம் நாட்டிலும் எரிமலைக் கரை இல்லாமல் இல்லை. உடுப்பிக்கு அருகே மால்பே துறைமுகத்திலிருந்து படகேறினால் செயின்ட் மேரித் தீவுகள். மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்த காலத்தில், சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன், பொங்கிய எரிமலைக் குழம்பு அங்கே ஆறு பட்டைத் தூண்களாக இறுகி நிற்கிறது.

குமரிக் கரையில் எரிமலை கிடையாது. இங்குள்ள பாறைகள் பட்ட சூடு வேறு வகை. பூமிக்குள்ளே 20 கிலோமீட்டருக்கும் கீழே, 800 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், வெளிக்காற்றே படாமல் அவை வெந்திருக்கின்றன. இது நடந்து சுமார் 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அப்போது இலங்கை, மடகாஸ்கர், அண்டார்க்டிகா எல்லாம் நமக்கு அடுத்த வீடுகள். வெல்லப் பாகைச் சட்டென்று ஆற்றினால் கண்ணாடிபோல் இறுகும்; மெள்ள ஆறவிட்டால் கற்கண்டு விளையும். எரிமலைக் கல் முதல் ஜாதி, குமரிக் கல் இரண்டாவது ஜாதி. இந்த இனத்துக் கருங்கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கல்லைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அதைக் கண்ட தாமஸ் ஹாலண்ட் என்ற நிபுணர் 1893-ல் அவர் பெயரையே கல்லுக்குச் சூட்டினார். தமிழ்நாட்டுக் கல்லுக்குக் கும்பினி வியாபாரி பெயர்!

ஒரு தை மாதம் நாமும் ஒரு நண்பரும் இரண்டு சாதாரணச் சைக்கிள்களில் வட்டக்கோட்டையிலிருந்து புறப்பட்டோம். தை, மாசி மாதங்கள் உத்தமம். ஆனி ஆடியில் மேற்கே போனால் எதிர்க்காற்று ஆளையே பின்னுக்குத் தள்ளும். வட்டக்கோட்டைக்கு அடியில் கரை கன்னங்கறேலென்று கிடக்கிறது. வலுவான காந்தத்தை அந்த மணலில் புரட்டினால் மயிர்க்கூச்செறிந்தாற்போல் ஒட்டிக்கொண்டு வரும். அது இல்மனைட் என்ற இரும்புக் கலப்புள்ள தாது. வெள்ளை வர்ணம் செய்வதற்கான டைட்டானியம் இந்தக் கறுப்பு மணலிலிருந்துதான் கிடைக்கிறது என்பது ஒரு வேடிக்கை.

கன்னியாகுமரியை எல்லோரும் அறிவார்கள். நாம் அங்கே தாமதிக்கவில்லை. மேற்கே சென்றால் மணக்குடி. பழையாறு கடலில் கலக்கும் கழிமுகம். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி இங்கிருந்த பாலத்தைப் பெயர்த்து எறிந்துவிட்டது. பிற்பாடு கட்டிய பாலத்தில்தான் நாம் சைக்கிளை விட்டோம். ஆற்றோடு உள்ளே திரும்பினால் சுசீந்திரம், தேரூர்க் குளங்கள். கூழைக்கடாவும் நாரையும் வந்து தங்கும் இந்த நீர்நிலைகள் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. குளத்திலிருந்து கழிமுகம் வரை ஒரு காப்பகமாகவும் வைத்திருக்கிறார்கள். பறவைக்குக் கிடைத்த அந்தக் காவல் மணலுக்குக் கிடைக்கவில்லை.

பள்ளம், சங்குத்துறை, ராஜாக்கமங்கலம் துறை என்று வழி தென்னந்தோப்புகளுக்கிடையே போகிறது. ஓரிடத்தில் மீன் கூடையை இறக்கி வைத்து இளைப்பாறிய மூதாட்டி ஒருத்தி, "பஸ்ஸு ஓடுதே மக்களே, என்னத்துக்கு இந்தப் பாடு?" என்று கேட்டாள். மணல் பார்க்க வந்தோம் என்றதும் அவள் முகத்தில் தோன்றிய அனுதாபத்தை இங்கே வர்ணிக்கப் போவதில்லை.

முட்டத்தில் ஒரு பகல் முழுவதும் இருந்தோம். இரண்டு பகல் இருந்திருக்கலாம். 1981-ல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாறைகள் பழக்கமானவை. அடியில் கடலோடு மல்லுக்கு நிற்கும் கரும்பாறை. அதன் மேல் செக்கச்செவேலென்று மண்மேடு. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் காற்று அள்ளி வந்து குவித்த மணல் இது. இரும்புத் துரு ஏறிச் சிவந்துவிட்டது. தேரி என்று தென்பாண்டி நாட்டார் சொல்லுவது இதைத்தான். மழை நீர் அதைக் கீறிக் கீறிப் பள்ளத்தாக்குகளாக அறுத்திருக்கிறது. தூரத்தில் நின்று பார்த்தால் நேற்று அணைந்த எரிமலை என்றே தோன்றும். பேரனை நாம் இங்கே மன்னித்துவிட்டோம்.

சுளகின் ரகசியமும் இங்கே விளங்கிற்று. ஓர் அலை ஏறி வரும்போது எல்லா மணலையும் வாரிக்கொண்டு வருகிறது. இறங்கும்போது அதற்கு வலுக் குறைவு. லேசான வெள்ளை மணலை இழுத்துப் போகிறது. கனத்த மணியை விட்டுவிட்டுப் போகிறது. வெள்ளை மணல் தண்ணீரைப் போல் இரண்டரை மடங்கு கனம். சிவப்புக் கார்னெட் நாலு மடங்கு. இல்மனைட்டும் மோனசைட்டும் ஏறக்குறைய ஐந்து மடங்கு. நாஞ்சில் நாட்டுப் பெண்கள் களத்தில் பதரை ஓட்டி நெல்லை நிறுத்துவதும் இதே வித்தைதான். ஆடி மாதத்துப் பேரலைகள் புடைக்கும்போது வரி வரியாகக் கறுப்பும் சிவப்பும் படிகின்றன.

கடியபட்டினத்தில் வள்ளியாற்றைத் தாண்டினால் மணவாளக்குறிச்சி. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் ரசாயனி, திருவிதாங்கூரிலிருந்து வந்த கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மணலைச் சோதித்து அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். மோனசைட்டில் நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்கு தோரியம். அந்நாளில் காஸ் விளக்கின் மாண்டிலுக்குத் தோரியம் அவசியம். ஆகவே ஐரோப்பியத் தெருக்களுக்கு வெளிச்சம் தர இந்தக் கரை மணல் கப்பலேறிற்று. சுதந்தரத்திற்குப் பின் 1950-ல் இந்திய அருமண் நிறுவனம் ஏற்பட்டது. 1965 முதல் மணவாளக்குறிச்சி ஆலை அதன் கையில் இருக்கிறது. ஹோமி பாபா வகுத்த அணுசக்தித் திட்டத்தின் மூன்றாம் கட்டம் இந்தத் தோரியத்தையே நம்பியது. தேசத்தின் பொருள் தேசத்துக்கே என்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. தனியார் கரை மணல் அள்ளுவதை 2013-ல் தமிழ்நாட்டு அரசு நிறுத்தியதும் நல்ல காரியம்.

ஆனால் அலை ஒதுக்கியதை வாரிக்கொள்வது ஒன்று. கரையையே தோண்டுவது இன்னொன்று. மேற்கே கிள்ளியூர்த் தாலுகாவில் சுமார் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் யோசனை எழுந்து, 2024-ல் மீனவ மக்கள் பலத்த எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மோனசைட்டின் கதிரியக்கத்தைப் பற்றி அவர்களுக்குப் பயம் உண்டு. இதே மாதிரி மணலுள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் நடந்த ஆராய்ச்சி, 2009-ல் வெளியான முடிவின்படி, புற்றுநோய் அதிகமில்லை என்றது. ஆயினும் கரையில் கிடக்கும் மணலோடு வாழ்வது வேறு, அதை அள்ளிக் கொட்டிப் பிரிக்கும் இடத்தோடு வாழ்வது வேறு என்று அவர்கள் சொல்லுவதை நாம் தள்ளிவிட முடியாது. அதைவிடப் பெரிய கவலை அலைதான். வழியெங்கும் தூண்டில் வளைவு கட்டிக் கருங்கல் கொட்டியும் கடல் வீட்டு வாசலைத் தொடுகிறது. வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் நம்மிடம், "கடல் கொண்டு போட்ட மண்ணு கெடந்தாத்தான் சார் கரை நிக்கும்" என்றார். கல்லைக் கொட்டிக் கரையைக் காக்கும் சர்க்கார், இயற்கை கொட்டிய காவலையும் ஒரு கணக்கில் வைக்க வேண்டாமா?

மண்டைக்காட்டில் புற்று வடிவான பகவதியைத் தரிசித்து, வெயில் ஏறுமுன் குளச்சல் சேர்ந்தோம். 1741-ல் மார்த்தாண்டவர்மர் டச்சுக்காரரை முறியடித்த இடம், ஸ்தம்பம் நிற்கிறது. மொத்தம் ஐம்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட பிரயாணந்தான். போக விரும்பும் நேயர்களுக்கு ஒன்று சொல்லுவோம்: பட்டையான டயர் போடுங்கள், விடியுமுன் கிளம்புங்கள், வழியில் அக்கானி கிடைத்தால் விடாதீர்கள். திரும்பியதும் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போடுங்கள். உப்புக் காற்று ஒரே வாரத்தில் துருவேற்றிவிடும். நமது செயினைக் கழுவிய நாகர்கோவில் கடைப் பையன், சட்டியின் அடியில் தங்கிய கறுப்பு மணலைக் காட்டி, "இது என்ன சார், இவ்வளவு கனமா இருக்கு?" என்று கேட்டான்.