லோரிக்கு ஊற்றிய உரம்



சென்ற மாதம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். தோட்டத்தின் பெயர் இப்போது வேண்டாம். வெட்டிய குலைகள் ரோட்டோரம் குவிந்து கிடந்தன. பழம் ஏற்றும் லோரியோ பட்டறை வாசலில் படுத்துக் கிடந்தது. அதன் டிரைவர் சக்கரத்தோரம் குந்தியிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக லோரி ஓட்டுகிறவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். கையில் நிர்வாகம் கொடுத்த கடிதம். பழுது பார்க்கும் செலவை மாதம் 200 வெள்ளி வீதம் அவர் சம்பளத்தில் பிடிக்கப் போவதாக அதில் எழுதியிருந்தது.

"என்னண்ணே, உரத்தைக் கரைச்சு ஊத்திட்டீங்களாமே?"

"ஊத்துனேன் தம்பி, இல்லேன்னு சொல்லல. அந்தச் சின்ன டாங்கிக்குள்ள போறது யூரியாத் தண்ணின்னு எல்லாரும் சொல்றாங்க. நம்ம ஸ்டோர்லயும் யூரியாதானே மூட்டை மூட்டையா கிடக்கு? லைட் எரியுதுன்னு ரெண்டு தடவ ஆபீசுல சொல்லியாச்சு. யாரும் வாங்கிக் கொடுக்கல. மேட்டுல லோரி இழுக்க மாட்டேங்குது. மண்டோரு, 'கரைச்சு ஊத்துங்க, பழம் போகணும்'னாரு. ஊத்திட்டேன்."

இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், விலை இறங்கிவிடும். அந்த அவசரம் நமக்குத் தெரிந்ததுதான். தெரியாதது லோரியின் வயிற்றுக்குள் இருக்கும் புதுச் சமாச்சாரம். நானும் மெக்கானிக் அல்ல. அன்று அந்தப் பட்டறையிலேயே அரை நாள் உட்கார்ந்து, வந்திருந்த மெக்கானிக்கைக் கேள்வி கேட்டே துளைத்துவிட்டேன். அதன் பிறகு படித்தும் பார்த்தேன்.

டீசல் இஞ்சினுக்குள் சூடு ஏற ஏற, காற்றில் உள்ள நைட்ரஜன் பிராணவாயுவோடு சேர்ந்து ஒரு நச்சு வாயு ஆகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நெஞ்சைக் கெடுக்கும். இதை முறிக்கத்தான் சில புது லோரிகளில் நீல மூடி போட்ட தனி டாங்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஊற்றும் திரவத்தை ஆட்புளூ என்பார்கள். நூற்றுக்கு 32.5 பங்கு சுத்தமான யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். சூடான புகைக் குழாய்க்குள் இதைப் பீய்ச்சினால் அம்மோனியா ஆகும். அந்த அம்மோனியா நச்சு வாயுவை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும்.

அந்தத் திரவம் தீர்ந்துபோனால், கம்பியூட்டர் தானாகவே இஞ்சினின் சக்தியைக் குறைக்கும்படி செய்திருக்கிறார்கள். அண்ணனின் லோரி மேட்டில் இழுக்காததற்கு இஞ்சின் கோளாறு காரணமல்ல. டாங்கி காலி, அவ்வளவுதான்.

உர யூரியாவை ஏன் ஊற்றக்கூடாது? பேர் ஒன்றுதான், தரம் வேறு. மூட்டைக்குள் கட்டி பிடிக்காமல் இருக்க அதில் மருந்து சேர்த்திருப்பார்கள். பயூரெட் என்ற கழிவும் அதிகம். தூசு வேறு. அண்ணன் அதைக் குழாய்த் தண்ணீரில் கரைத்திருக்கிறார், அதில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. எல்லாம் சேர்ந்து பம்பிலும் ஊசிக்கண் போன்ற நாசிலிலும் வெள்ளையாக உறைந்து அடைத்துக்கொண்டது. உள்ளே இருக்கும் கேட்டலிஸ்ட் கட்டியும் கெட்டது. அதன் விலைதான் பெரிய விலை.

தெரியாமல் ஊற்றிவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. சாவியைத் திருப்பாதீர்கள். டாங்கியோடு நிற்கிறவரை கழுவி எடுத்துவிடலாம். இஞ்சின் ஓடிவிட்டால்தான் அது குழாய்க்குள் ஏறும். டீசல் டாங்கிக்குள் ஆட்புளூவோ, ஆட்புளூ டாங்கிக்குள் டீசலோ மாற்றி ஊற்றினாலும் இதே கதைதான்.

இன்னொன்று கரிவடி. புதிதாக வரும் சில பிக்கப்களிலும் இது உண்டு. தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி, புகையில் உள்ள கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் கூடுதல் டீசலை விட்டு, சுமார் 600 டிகிரி சூட்டில் அந்தக் கரியை எரித்துவிடும். இதற்குப் பெரிய சாலையில் கால்மணி, இருபது நிமிஷம் ஒரே சீராக ஓட வேண்டும். நம் தோட்டத்தில் அது எங்கே நடக்கிறது? செம்மண் ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் வேகம், பத்து மரத்துக்கு ஒரு நிறுத்தம். பாதி எரியும்போதே டிரைவர் சாவியை அணைத்துவிடுகிறார். இப்படியே பல நாள் போனால் கரி இறுகி, இஞ்சினுக்கு மூச்சு முட்டும். எரியாத டீசல் ஆயிலில் இறங்கி ஆயில் மட்டம் ஏறும். ஆயில் குறைந்தால் பயப்படுகிறோம், கூடினாலும் பயப்பட வேண்டும் தோழர்களே. அந்த விளக்கு எரிந்தால், "வாரம் ஒரு தடவை வண்டியை பெரிய ரோட்டில் ஓட்டிவிட்டு வர நேரம் கொடுங்கள்" என்று டிரைவர் கேட்பது சோம்பேறித்தனம் ஆகாது. எரிந்துகொண்டிருக்கும்போது காய்ந்த லாலாங் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், தீப்பிடிக்கும். ஆயிலும் சாம்பல் குறைந்த வகையாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று கண்ட டிரம்மிலிருந்து ஊற்றினால் கரிவடி சாம்பலால் அடைபடும், சாம்பல் எரியாது.

"இந்தக் கருவியெல்லாம் இஞ்சினின் சக்தியைத் தின்கிறது, கழற்றிப் போடு" என்று சொல்லும் பட்டறைக்காரர்கள் உண்டு. புகையைத் திருப்பி இஞ்சினுக்குள் விடும் வால்வுக்குத் தகடு வைத்து அடைப்பார்கள். பழைய காலத்தில் அந்தப் பேச்சில் உண்மை இருந்தது. அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வந்த கார்கள் நிஜமாகவே மந்தமாக ஓடின. ஈயமில்லாத பெட்ரோலுக்காக இஞ்சினின் அழுத்தத்தைக் குறைத்தார்கள், தீப்பொறியைத் தாமதப்படுத்தினார்கள். கேட்டலிஸ்ட்டும் கம்பியூட்டரும் சேர்ந்து பழகிய பிறகு அந்தக் குறை போய்விட்டது. இன்றைய இஞ்சின் இந்தக் கருவிகளோடு சேர்த்தே கணக்குப் போட்டுச் செய்தது. ஒன்றைப் பிடுங்கினால் மற்றது தடுமாறும். வால்வு கரி பிடித்தால் கழுவலாமே, அதற்கு ஏன் அடைக்க வேண்டும்?

இளைஞர்களின் கப்சாய்க்கும் இதே நியாயம். இப்போது வருவதில் பெரும்பாலும் இஞ்செக்‌ஷன், எக்சோசுக்குள் கேட்டலிஸ்ட் இருக்கும். அதை அறுத்துவிட்டுச் சத்தக் குழாய் மாட்டினால் சத்தம்தான் கூடும், வேகம் கூடுவதாகக் காதுக்குத் தோன்றும். பிளக் சரியாக எரியாமல் பெட்ரோல் பச்சையாக வெளியே போனால் கேட்டலிஸ்ட் சூடேறி உருகிவிடும். பத்து வெள்ளிப் பிளக்கை மாற்றாமல் விடுவதால் வரும் நஷ்டம் அது.

டீசலிலும் மாற்றம் வந்திருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் நம் நாட்டில் யூரோ 5 டீசல். முன்பிருந்த யூரோ 2 டீசலில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு வரை கந்தகம் இருக்கலாம், இதில் 10 பங்குதான். கந்தகம் குறைந்ததால்தான் இந்தக் கருவிகள் பிழைக்கின்றன. அதோடு நாம் வெட்டும் செம்பனையின் எண்ணெயும் அந்த டீசலில் கலந்திருக்கிறது. நம் பழம் நம் லோரியிலேயே எரிகிறது! ஆனால் அது தண்ணீரை இழுக்கும், டாங்கியின் பழைய அழுக்கைக் கரைத்துக் கிளப்பும். தோட்டத்து டிரம்மில் பல மாதம் கிடந்த டீசல் என்றால் முதலில் அடியில் தண்ணீரை இறக்குங்கள், பில்டரைச் சீக்கிரம் மாற்றுங்கள்.

நான் தோட்டப் பள்ளியில் படித்தபோது எங்களை லோரியின் பின்பக்கம் ஏற்றித்தான் கொண்டுபோவார்கள். மேடு ஏறும்போது கரும்புகை எங்கள் மேல் வரும். வெள்ளைச் சட்டையை அம்மா எத்தனை அடித்துத் துவைத்தும் காலர் வெளுக்காது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012ல் அறிவித்தது. அந்தப் புகையை முதலில் விழுங்கியவர்கள் பட்டணத்துக்காரர்கள் அல்ல, லோரியின் பின்னால் நின்றவர்கள். அதனால் இந்தக் கருவி எனக்கு எதிரியாகத் தெரியவில்லை. கருவியைக் கொடுத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித் தராமல் ஓட்டச் சொல்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணனுக்குக் கொடுத்த புத்தகம் முழுக்க ஆங்கிலம். அடுத்த லோரியை ஓட்டும் இந்தோனேசியத் தோழருக்கும் அதே புத்தகம்தான்.

பிடித்தம் விஷயத்துக்கு வருவோம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, நிர்வாகம் தானாகச் சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. தவறிக் கூடுதலாகக் கொடுத்த சம்பளம், வாங்கிய முன்பணம், நோட்டீஸ் கொடுக்காமல் நின்றதற்கான ஈடு, வேறு சட்டம் அனுமதிப்பது. உடைந்த லோரிக்கு ஈடு என்று அந்த வரிசையில் எதுவும் இல்லை. தவறு செய்தார் என்றால் முறைப்படி விசாரிக்கட்டும். விசாரணையில் விளக்கு எரிந்ததை ஆபீசில் சொன்ன கதையும், மண்டோர் சொன்ன கதையும் வெளியே வரும்.

இதை மானேஜரிடம் பொறுமையாகச் சொன்னேன். முதலில் முகம் சிவந்தது. சட்டப் புத்தகத்தின் பக்கத்தைக் காட்டியதும் கிராணியைக் கூப்பிட்டுப் பேசினார். பிடித்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நீல மூடியின் மேல் தமிழிலும் மலாயிலும் ஒரு காகிதம் ஒட்டவும் ஒப்புக்கொண்டார்கள். அதை எழுதிக் கொடுத்தது அண்ணனின் மகள், படிவம் நான்கில் படிக்கிறவள். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று மட்டும் அவர் பைலில் இன்னும் கிடக்கிறது. அதைப் பற்றிப் பேச வருகிற புதன்கிழமை மறுபடியும் போகிறேன்.