இளம் விண்மீன்களும் மறைந்திருக்கும் கோள்களும்

சிவகாசியில் மத்தாப்புத் தொழில் அறிந்தவரைக் கேட்டால், எந்த உப்பு எந்த வண்ணம் தரும் என்பதைத் தயங்காமல் கூறுவார். சிவப்புக்கு ஸ்டிரான்சியம், மஞ்சளுக்குச் சோடியம், நீலத்துக்குச் செம்பு. விண்மீன்களின் ஒளியிலும் இத்தகைய அடையாளம் உண்டு. அவ்வொளியை நிறமாலையாகப் பிரித்தால், ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய இடத்தில் கருங்கோடுகளைப் பதித்திருக்கக் காணலாம். 1860களில் உரோமையில் இந்நிறமாலைகளைக் கொண்டு விண்மீன்களை வகைப்படுத்திய முன்னோடி, இயேசு சபைக் குரு ஆஞ்சலோ செக்கி ஆவார்.

கோடுகள் கூறும் செய்தி

இக்கோடுகள் விண்மீனின் அசைவையும் அறிவிக்கும். விருதுநகர் நிலையத்தில் நில்லாமல் செல்லும் விரைவு வண்டியின் ஊதல், நெருங்கும்போது உச்சமாகவும் விலகும்போது தாழ்ந்தும் ஒலிக்கிறதல்லவா? அவ்வாறே, நம்மை நெருங்கும் விண்மீனின் கோடுகள் நீலப் பக்கமாகவும், விலகும் விண்மீனின் கோடுகள் சிவப்புப் பக்கமாகவும் சிறிது நகரும். 1909-ல் கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட், கதிரவனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இம்முறையாலேயே கண்டறிந்தார்.

கோள் ஒன்று சுற்றிவரும்போது அதன் ஈர்ப்பினால் விண்மீனும் சற்றே தள்ளாடுகிறது. வியாழன் நம் கதிரவனை நொடிக்குச் சுமார் 12 மீட்டர் வேகத்தில் அசைக்கிறது. பூமியோ 9 சென்டிமீட்டர் வேகத்தில்தான். இத்தகைய தள்ளாட்டத்தை அளந்தே 1995-ல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் கதிரவனைப் போன்ற வேறொரு விண்மீனுக்குக் கோள் உண்டெனக் கண்டனர். 2019-ல் நோபல் பரிசு பெற்றனர். நம் நாட்டிலும் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தார், மவுண்ட் அபுவில் உள்ள 'பாரஸ்' கருவியால், பூமியைப் போல் ஏறக்குறைய 27 மடங்கு நிறையுள்ள கோள் ஒன்றை 2018-ல் உறுதி செய்தனர்.

இளமையின் மாயத்தோற்றம்

நம் கதிரவனுக்கு வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள். கோள்கள் எவ்வாறு பிறந்தன என்பதை அறிய, பிறந்து சில கோடி ஆண்டுகளே ஆன விண்மீன்களை ஆராய வேண்டும். அங்கேதான் இடர்ப்பாடு. இளம் விண்மீன்கள் விரைந்து சுழல்பவை. பெரும் கரும்புள்ளிகள் கொண்டவை. நம்மை நெருங்கும் பாதியில் உள்ள புள்ளி அப்பகுதி ஒளியைக் குறைத்தால், விண்மீன் விலகுவதுபோல் தோன்றும். புள்ளி மறுபாதிக்குச் சென்றதும் நெருங்குவதுபோல் தோன்றும். கோளே இல்லாமல் கோளின் தள்ளாட்டம் தெரியும்!

2008-ன் தொடக்கத்தில், சுமார் ஒரு கோடி வயதுடைய டி.டபிள்யூ. ஹைட்ரே விண்மீனை 3.56 நாளில் சுற்றும் பெருங்கோள் உண்டென அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் வேறு ஆய்வாளர் அகச்சிவப்பு ஒளியில் அளந்து பார்த்தனர். கோளின் ஈர்ப்பு உண்மையெனில் எல்லா நிறத்திலும் அசைவு ஒரே அளவாய் இருக்கவேண்டும். அகச்சிவப்பிலோ அது பெரிதும் குறைந்தது. கோளென்று கண்டது கரும்புள்ளியே என்றனர்.

இதனால் முயற்சி வீணாகவில்லை. சுமார் இரண்டு கோடி வயதுடைய ஏ.யூ. மைக்ரோஸ்கோப்பி விண்மீனின் குறுக்கே கோள் ஒன்று கடந்து ஒளியை மங்கச் செய்வதை 2020-ல் அறிவித்தனர். அதன் நிறையை அறியக் கட்புலனாகும் ஒளியோடு அகச்சிவப்பிலும் தள்ளாட்டத்தை அளந்தனர். இரு சாட்சிகளின் சொல்லால் செய்தி உறுதிப்படவேண்டும் என்னும் பழைய நீதிமுறை, வானியலிலும் வழங்குகிறது.