அடுப்புக்கு மூன்று வழிகள்

மலேசியாவின் காப்பார் கடலோரத்தில் நிற்கும் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் வெகு தொலைவிலிருந்தே கண்ணில் படும். நிலக்கரி, எண்ணெய், இயற்கை எரிவாயு மூன்றையும் எரிக்கும்படி கட்டப்பட்ட நிலையம் அது. எரிபொருள் வரும் குழாய்க்குக் காட்டிய அக்கறையை, காற்று நுழையும் வழிக்கும் புகை வெளியேறும் வழிக்கும் அங்கே காட்டியிருக்கிறார்கள். அதே ஊரின் தாமான் வீடுகளில் சாம்பாரைக் கொதிக்க வைக்கும் சிறு நெருப்புக்கும் இந்த மூன்று வழிகளும் வேண்டும். வீட்டில் கேஸ் பொருத்துவோர் பெரும்பாலும் முதல் வழியை மட்டும் பார்த்துவிட்டு, மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறார்கள்.

முதல் வழியான எரிபொருளின் வழி, கேஸ் தோம்பிலிருந்து தொடங்குகிறது. 14 கிலோ தோம்பை ஆட்டிப் பார்த்தால் உள்ளே தளும்புவது திரவம். புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டின் கலவை அது. புரோப்பேன் சுழியத்துக்குக் கீழே 42 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். பியூட்டேனுக்குச் சுழியம் டிகிரியே போதும். கிள்ளான் வட்டார வெயிலில் இரண்டுமே கொதித்து ஆவியாகத் துடிப்பவை. மேலே தேங்கிய ஆவியின் அழுத்தம்தான் அவற்றைத் திரவமாகவே அடக்கி வைத்திருக்கிறது. வால்வைத் திறந்தால் ஆவி வெளியேறும். ஈடுகட்டக் கொஞ்சம் திரவம் கொதிக்கும். கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தைத் தோம்பிலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது. கோயில் அன்னதானத்தில் பெரிய அடுப்பு மணிக்கணக்கில் எரியும்போது தோம்பின் உடல் சில்லிட்டு, வெளியே நீர்த்துளிகள் கோப்பது இதனால்தான்.

தோம்பை நிமிர்த்தி வைக்கவேண்டிய காரணமும் இங்கேயே இருக்கிறது. நிமிர்ந்திருந்தால் வால்வுக்கு வருவது ஆவி. கடைசிச் சொட்டு வரை பயன்படுத்திவிடலாம் என்று சாய்த்தாலோ படுக்க வைத்தாலோ வருவது திரவம். அந்தத் திரவம் வெளியே வந்ததும் ஏறக்குறைய 250 மடங்கு பருமனுள்ள வாயுவாக விரியும். எந்த அடுப்பும் அதைத் தாங்காது.

தோம்புக்குள் இருக்கும் அழுத்தம் ஒரு கார் டயரில் உள்ளதைவிட இரு மடங்குக்கும் மேல். அடுப்புக்குத் தேவைப்படுவதோ 28 செண்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் தரும் அழுத்தம் மட்டுமே. இந்த இரண்டுக்கும் நடுவே காவல் நிற்பது கையளவு ரெகுலேட்டர். சிரிம் தர முத்திரை இல்லாத ரெகுலேட்டரையும் ரப்பர் குழாயையும் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கக் கூடாது.

இப்போது காற்றின் வழிக்கு வருவோம். காற்றோடு ஒப்பிட்டால் புரோப்பேன் ஒன்றரை மடங்கும் பியூட்டேன் இரு மடங்கும் கனமானவை. கசிந்தால் கூரைக்குப் போகாமல் தரையோடு தரையாகப் பரவும், கதவிடுக்கில் நுழையும், லோங்காங் வடிகாலில் இறங்கித் தேங்கும். நம் வீடுகளில் சாமி மேடையின் கீழே, முழங்கால் உயரத்தில், காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஊர்ந்து வரும் வாயு முதலில் சந்திப்பது அந்தச் சுடரைத்தான்.

எவ்வளவு கசிந்தால் ஆபத்து? காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு கலந்தாலே இந்த வாயு தீப்பிடிக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர் உள்ள சமையலறையில் 27 கன மீட்டர் காற்று இருக்கிறது. அதில் 2 விழுக்காடு என்பது அரைக் கன மீட்டர் வாயு; எடையில் 1 கிலோவுக்குச் சற்றே அதிகம். புதுத் தோம்பில் பதினான்கில் ஒரு பங்கு கசிந்தாலே அந்த அறை முழுவதும் வெடிக்கும் கலவை ஆகிவிடலாம். வாயு தரையோரம் தங்குவதால் அதைவிடக் குறைவான கசிவே கீழ்ப்பகுதிக்குப் போதும்.

பல தாமான் வீடுகளில் தோம்பு முன்பு பின்வாசலுக்கு வெளியே நின்றது. பின்கட்டை மூடிச் சமையலறையைப் பெரிதாக்கியபோது, தோம்பு வீட்டுக்குள் வந்து கேபினெட்டில் அடைபட்டது. அழகு கூடியது, காற்றோட்டம் போய்விட்டது. தோம்பை வெளியிலேயே, நிழலில், லோங்காங்கிலிருந்து விலக்கி வைப்பதே நல்லது. உள்ளேதான் வைக்க வேண்டுமென்றால், கேபினெட்டின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் கட்டாயம் வேண்டும். மேலே மட்டும் துளையிட்டால் கனமான வாயு வெளியேறாது.

கசிவை நமக்கு அறிவிப்பது நாற்றம். இந்த வாயுக்களுக்கு இயல்பில் மணமே இல்லை. எதைல் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தை நம் மூக்குக்காகவே அதில் கலக்கிறார்கள். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் உண்டு. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளி வெடித்தது. வகுப்பறைகளைக் கதகதப்பாக்கப் பொருத்திய எரிவாயு இணைப்பில் கசிவு ஏற்பட்டு, கட்டடத்தின் அடியில் வாயு சேர்ந்தது. மணமில்லாததால் ஒருவரும் உணரவில்லை. ஒரு மின்கருவியை இயக்கியபோது எழுந்த பொறி அதைப் பற்றவைத்தது. மாணவர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் இறந்தனர். அதன்பிறகே எரிவாயுவுக்கு நாற்றம் சேர்ப்பதை டெக்சஸ் சட்டமாக்கியது; மற்ற இடங்களும் பின்பற்றின.

மூன்றாவது, புகையின் வழி. ஒரு பங்கு புரோப்பேன் முழுமையாக எரிய 24 பங்கு காற்று வேண்டும். அவ்வளவும் கிடைத்தால் சுடர் நீலமாக எரியும். காற்று குறைந்தால் எரியாத கரித்துகள்கள் தணலாகி, சுடர் மஞ்சளாகும். கார்பன் மோனாக்சைடு உருவாகும். நிறமும் மணமும் இல்லாத அந்த நஞ்சு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று வரிசையாக வந்து உயிரைப் பறித்துவிடும்.

நம் உறவினர்கள் பலர் வாழும் கனடாவில் இது வீட்டுக்கு வீடு உள்ள கவலை. அங்கே குளிர்காலம் முழுவதும் நிலவறையில் கேஸ் உலை எரியும். அதன் புகை தனிக் குழாய் வழியே வெளியே போகவேண்டும். 2008-இல் ஒண்டாரியோவின் வுட்ஸ்டாக் நகரில், கேஸ் கணப்படுப்பின் புகைவழி அடைபட்டதால் ஒரு குடும்பத்தின் நால்வரும் இறந்தனர். 2013-இல் ஹாக்கின்ஸ்-கிக்னாக் சட்டம் என்று அக்குடும்பத்தின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை ஒண்டாரியோ வீடுகளில் கட்டாயமாக்கியது அதுதான்.

குழாய்வழி இயற்கை எரிவாயு உள்ள அடுக்குமாடிக்குக் குடிபோகிறவர்கள் இன்னொன்றையும் அறியவேண்டும். இயற்கை எரிவாயு எரிய ஏறத்தாழ 10 பங்கு காற்றே போதும். அதற்கேற்ப அடுப்பின் துளை அளவும் வேறு. தோம்புக்கான அடுப்பை அப்படியே அதில் மாட்டக் கூடாது. எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற கேஸ் குத்தகையாளரே அந்த வேலையைச் செய்யவேண்டும்.

தோம்பு மாற்றும் ஒவ்வொரு முறையும் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திச் சோதிக்கவே கூடாது. நாற்றம் வந்தால் விளக்குச் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்; இரண்டிலும் பொறி எழும். வால்வை மூடுங்கள், கதவுகளைத் திறங்கள், எல்லோரையும் வெளியே கூட்டிப்போய் அங்கிருந்து 999-ஐ அழையுங்கள். வெடித்த, இறுகிய ரப்பர் குழாயை இன்றே மாற்றுங்கள். வீட்டைப் புதுப்பிக்கத் திட்டமிட்டிருந்தால், மேசையின் நிறத்தையும் ஓட்டின் வடிவத்தையும் முடிவுசெய்யும் முன்பு குத்தகையாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: தோம்பு எங்கே நிற்கும், காற்று எப்படி நுழையும், புகை எப்படிப் போகும்? மூன்றுக்கும் தெளிவான பதில் சொல்லாதவரிடம் சமையலறையை ஒப்படைக்காதீர்கள்.