98 நாளும் வீட்டுக் கணக்கும்

கர்ப்பிணிகளுக்கு அரசு சுகாதாரக் கிளினிக்கில் கொடுக்கும் இளஞ்சிவப்புப் புத்தகத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், எடை, சிசுவின் அசைவு என எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. பிள்ளை பிறந்த பிறகு மூன்று மாதத்துக்கு வீட்டில் பணம் இருக்குமா என்பதற்குக் கட்டம் இல்லை. ஆனால் பிள்ளை பெற்ற பெண் எவ்வளவு நாள் ஓய்வெடுப்பாள், என்ன சாப்பிடுவாள், எத்தனை மாதம் தாய்ப்பால் கொடுப்பாள், இரவில் பிள்ளை தூங்கும் நேரத்திலாவது அவளுக்குத் தூக்கம் வருமா என்பதையெல்லாம் அந்தப் பணம்தான் முடிவு செய்கிறது. அதனால் வீட்டுக் கணக்கையும் பேறுகாலப் பராமரிப்பின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அதைப் பேசக் குழந்தை பிறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. ஏழாவது மாதமே சரியான நேரம்.

சட்டம் தருவது என்ன?

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. முன்பு 60 நாளாக இருந்த பேறுகால விடுப்பு 98 நாளானது. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கையில் குறைந்தபட்சமாகச் சொன்ன 14 வாரம் இதுதான். தனியார் துறையில் வேலை செய்யும் திருமணமான ஆண்களுக்கு 7 நாள் விடுப்பும் கிடைத்தது. அதே முதலாளியிடம் 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும், பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்பே தெரிவிக்கவும் வேண்டும்.

விடுப்புச் சம்பளம் கிடைக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. பிரசவத்துக்கு முந்தைய 9 மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும். கடைசி 4 மாதத்துக்குள் ஒரு நாளாவது அங்கே வேலையில் இருந்திருக்க வேண்டும். ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள் இருந்தால் விடுப்பு உண்டு, சம்பளம் கிடையாது. மலேசியாவில் இந்தப் பணத்தைக் கொடுப்பது சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ அல்ல, முதலாளிதான். சிறிய கடைகளிலும் குத்தகை நிறுவனங்களிலும் தகராறு வருவதற்கு இதுவே காரணம்.

குத்தகை வேலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு வேலையை விட்டு விலகுகிறீர்கள், அடுத்த நான்கு மாதத்துக்குள் பிரசவம் இருக்கும் என்றால், விலகும் முன்பே கர்ப்பத்தை முதலாளியிடம் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காமல் போனால் பேறுகாலப் பணம் கேட்கும் உரிமை போய்விடும். வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி எழுதி, அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டாலும் கையில் ஆதாரம் இருக்கும்.

சம்பளச் சீட்டை எடுத்து வையுங்கள்

‘98 நாளும் முழுச் சம்பளம்’ என்று கேட்டவுடன் பல குடும்பங்கள் நிம்மதியாகிவிடுகின்றன. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஷா ஆலாம், போர்ட் கிள்ளான், காப்பார் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் வேலை செய்யும் பெண்களுக்கு மாதம் கைக்கு வரும் தொகையில் பெரிய பங்கு ஓவர்டைம். விடுப்புக் காலத்தில் கிடைப்பது வழக்கமான வேலை நேரத்துக்கான சம்பளம் மட்டும்.

சம்பளச் சீட்டில் ‘காஜி போக்கோக்’, அதாவது அடிப்படைச் சம்பளம் என்ற வரியைப் பாருங்கள். அதில் 1,700 ரிங்கிட் இருக்கிறது, அதாவது 2025இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே ஓவர்டைம் 700. ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப்.புக்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட் போகும். சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்கும் சில ரிங்கிட் போகும். சாதாரண மாதத்தில் கைக்கு வருவது சுமார் 2,200. விடுப்பு மாதத்தில் சுமார் 1,500. மாதம் 700 குறைந்தால் 98 நாளில் 2,200 ரிங்கிட்டுக்கு மேல் துண்டு விழும். பிள்ளைக்கு ஒரு டயப்பர்கூட வாங்குவதற்கு முன்பே வரும் பள்ளம் இது. ஷிஃப்ட் அலவன்ஸ், வருகை அலவன்ஸ் போன்றவை விடுப்பில் வருமா வராதா என்பதை எச்.ஆர்.இடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கணவரும் மருத்துவமனைக்கும் கிளினிக்குக்கும் அலைந்தால் அவருடைய ஓவர்டைமும் குறையும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்தத் துண்டை முன்கூட்டியே கண்டுபிடிக்காத வீட்டில் நடப்பது ஒன்றுதான். நாற்பது நாள் கழிந்ததும் “நான் சீக்கிரம் வேலைக்குப் போயிடவா?” என்று தாயே கேட்கத் தொடங்குகிறாள். சட்டப்படி முதலாளி சம்மதித்து, வேலை செய்ய உடல் தகுதியாக இருக்கிறது என்று மருத்துவரும் சான்று கொடுத்தால் விடுப்புக்குள்ளேயே வேலைக்குத் திரும்பலாம். ஆனால் அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்றவளுக்கு வெளித்தையல் ஆறினாலும் உள்ளே ஆற இன்னும் வாரங்கள் பிடிக்கும். நாள் முழுக்க நின்றுகொண்டு பெட்டி தூக்கும் வேலைக்கு அந்த உடம்பை அனுப்புவது, இன்று 700 ரிங்கிட்டை மிச்சப்படுத்தி நாளை மருத்துவச் செலவாகத் திருப்பிக் கொடுப்பதுதான்.

பிரசவத்துக்கு எங்கே போவது?

கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனை, ஷா ஆலாம் மருத்துவமனை என அரசு மருத்துவமனைகள் இருக்கும்போது, குடிமக்களுக்குப் பிரசவச் செலவு பெரிய சுமையாக இருக்கத் தேவையில்லை. கூட்டமும் காத்திருப்பும் உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் இரத்தப்போக்கோ இரத்த அழுத்தமோ கைமீறிப் போகும்போது தனியார் இடங்களிலிருந்தே இங்கேதான் அனுப்புகிறார்கள். தனியார் மருத்துவமனைதான் வேண்டும் என்றால் சுகப்பிரசவப் பேக்கேஜ் விலையை மட்டும் பார்த்துப் பணம் ஒதுக்காதீர்கள். அறுவைச் சிகிச்சை ஆனால் எவ்வளவு, பிள்ளை தீவிரப் பராமரிப்பில் இருந்தால் ஒரு நாளுக்கு எவ்வளவு என்று முன்பே கேளுங்கள். பெரும்பாலான மருத்துவக் காப்புறுதி அட்டைகள் சாதாரணப் பிரசவத்துக்குப் பணம் தராது.

மனைவி வெளிநாட்டுக்காரராக இருந்தால் அரசு மருத்துவமனையிலும் கட்டணம் வேறு. தமிழ்நாட்டிலிருந்து மணமுடித்து வந்தவர்கள் இதை முதல் பரிசோதனையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கோயிலில் தாலி கட்டியிருந்தாலும் திருமணத்தைத் தேசியப் பதிவிலாகாவில் பதிவு செய்யாவிட்டால், தாய் குடிமகளாக இல்லாத பிள்ளைக்குக் குடியுரிமையே கேள்வியாகிவிடும். நம் சமூகத்தில் இது இன்னும் நடக்கிறது, வேதனையாக இருக்கிறது. பிள்ளை பிறந்த 60 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிட வேண்டும்.

பத்தியச் சமையலும் மருந்துக் கடைச் சீட்டும்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் நாட்டு மருந்துக் கடைக்காரரிடம் “பிள்ளை பெத்தவளுக்கு” என்று சொன்னால் போதும், ஒரு பெரிய பை நிறைத்துக் கொடுப்பார். சுக்கு, மிளகு, ஓமம், வெந்தயம், பூண்டு, நல்லெண்ணெய் இவற்றில் பலவும் நல்ல உணவே. ஆனால் லேகியம், மூலிகை மாத்திரை, பாட்டிலில் அடைத்த ஜாமு என்று வரும்போது லேபிளைப் பாருங்கள். எம்.ஏ.எல். என்று தொடங்கி டி என்று முடியும் பதிவு எண் இல்லாத தயாரிப்பைத் தாய் சாப்பிட வேண்டாம். அது தாய்ப்பாலில் கலந்து பிள்ளைக்கும் போகும்.

எனக்கு மிகவும் கவலை தருவது பத்தியத்தின் பெயரால் தண்ணீரைக் குறைப்பது. “தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்” என்று சொல்லும் பெரியவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் பால் கொடுக்கும் தாய்க்குத் தண்ணீர் கண்டிப்பாக வேண்டும், புரதமும் வேண்டும். விலை அதிகமான ஊட்டச்சத்து மாவு டப்பாக்களை அடுக்க வேண்டியதில்லை. முட்டை, பருப்பு, கெம்போங் மீன், முருங்கைக்கீரை போதும். கிளினிக்கில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தச் சொல்லும்வரை தொடருங்கள்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். விடுப்பு மூன்றே கால் மாதத்தில் முடிந்துவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் பால் மாவு டப்பா வீட்டுக்குள் நுழைகிறது, ஒவ்வொரு மாதமும் பட்ஜெட்டில் ஒரு பெரிய துண்டை எடுத்துக்கொள்கிறது. பால் கறக்கும் பம்ப் வாங்கினால் வேலை செய்யும் தாய்க்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 1,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு உண்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குக் கொமுட்டரில் போய் வருபவர்கள் ஐஸ் பேக் வைத்த பையில்தான் பாலைக் கொண்டு வர வேண்டும். நம் ஊர் வெயிலில் வெளியே வைத்த பால் சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும். வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கும் உரிமையும் அந்தத் திருத்தச் சட்டத்தில் இருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். விடுப்பு முடியும்போது கேட்டால் தாமதமாகிவிடும், பிள்ளை பிறந்த முதல் மாதத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

கடன் வாங்கி விழா வேண்டாம்

சீமந்தம், முப்பதாம் நாள், பெயர் வைப்பது, தொட்டில் போடுவது. உறவு கூடும் இந்த நாட்களின் மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மண்டபம், பலூன் அலங்காரம், கேட்டரிங், போட்டோகிராபர் என்று ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, அடுத்த மாதம் தாய்க்கு உதவியாள் வைக்கக் காசில்லை என்றால் முன்னுரிமை தலைகீழாகிவிட்டது. என் தீர்மானமான கருத்து இது: பேறுகாலத்தில் கையிலிருக்கும் முதல் ரிங்கிட் தாயின் தூக்கத்துக்குப் போக வேண்டும். துணி துவைக்க, சமைக்க, இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்க்க ஓர் ஆளுக்குக் கொடுக்கும் பணம் ஆடம்பரச் செலவல்ல, மருத்துவச் செலவு.

நகையை அடகு வைக்க வேண்டி வந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். உரிமம் பெற்ற அடகுக் கடை மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. 3,000 ரிங்கிட்டுக்கு மாதம் 60, ஆறு மாதத்தில் 360. இஸ்லாமிய முறை அடகான அர்-ரஹ்னுவில் பெரும்பாலும் செலவு இதைவிடக் குறைவு, முஸ்லிம் அல்லாதவர்களும் அங்கே வைக்கலாம். ஃபோனில் ‘அரை மணி நேரத்தில் பணம்’ என்று வரும் ஆ லோங் (உரிமமில்லாக் கடன்காரர்) விளம்பரங்களைத் தொடவே தொடாதீர்கள். கூட்டுப் பணம் எடுப்பதும் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டது, கூட்டை நடத்தும் தலைவி ஓடிப்போனால் போலீசில் சொல்வதற்கே தயங்க வேண்டிவரும். பே லேட்டரில் பிள்ளைச் சாமான் வாங்குவது சின்னத் தொகையாகத்தான் தெரியும். நாலு தவணை ஒன்றாகச் சேரும் மாதம் விடுப்பு மாதமாக இருக்கும்.

கடன் ஏற்கெனவே கழுத்தை நெரித்தால் பேங்க் நெகாரா அமைத்த ஏ.கே.பி.கே. இலவச ஆலோசனை தருகிறது. வங்கித் தவணைகளைக் குறைத்து மாற்றி அமைக்க உதவுகிறது. பிரசவத்துக்கு முன்பே போவது நல்லது.

இ.பி.எஃப்.பில் 2024 மே மாதம் வந்த மூன்றாவது கணக்கான ‘ஃபிளெக்ஸிபல்’ கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அவசரத்துக்கு அது இருக்கட்டும், ஸ்ட்ரோலர் வாங்க வேண்டாம். தையல், சமையல், வீட்டிலேயே கேக் என்று சொந்தமாகச் சம்பாதிக்கும் பெண்களுக்கு முதலாளி இல்லை, பேறுகாலச் சம்பளமும் இல்லை. அவர்கள் கர்ப்பம் தெரிந்த மாதமே தனிச் சேமிப்பைத் தொடங்க வேண்டும். தெக்குன் மாதிரியான தொழில் கடனை வீட்டுச் செலவுக்குத் திருப்பினால் தொழிலும் போகும். கணவர் தன் இ.பி.எஃப். பங்கில் 2 விழுக்காட்டை மனைவி கணக்குக்கு மாற்றும் ‘ஐ-சாயாங்’ வசதியும் இருக்கிறது. மனைவியின் சம்பளம் அவள் கணக்கிலேயே வரட்டும், ஏ.டி.எம். அட்டை அவள் கையிலேயே இருக்கட்டும். பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் வந்தால் கிராப் பிடிக்கக் கணவரிடம் கேட்க வேண்டிய நிலை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது.

மனசு சோர்ந்தால்

பிள்ளை பிறந்த சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் நடக்கும், இரண்டு வாரத்தில் தானாகவே தணியும். அதைத் தாண்டியும் தூக்கமின்மை, பசியின்மை, பிள்ளைமேல் ஒட்டாமல் போவது, ‘நான் இல்லாவிட்டால் நல்லது’ என்ற நினைப்பு தொடர்ந்தால் அது நோய், சிகிச்சை உண்டு. பணக் கவலை அதை இன்னும் மோசமாக்கும். சமூகத் தாதி வீட்டுக்கு வரும்போது தையலையும் தொப்புள்கொடியையும் மட்டும் காட்டாமல் இதையும் சொல்லுங்கள். கிளினிக்கில் பத்துக் கேள்வி கொண்ட எடின்பரோ படிவம் கொடுத்தால் உண்மையைக் குறித்துக் கொடுங்கள். தாய்வீட்டுக்கு, அதாவது தெலுக் இந்தானுக்கோ சுங்கை பட்டாணிக்கோ போய் இருக்கப் போகிறீர்கள் என்றால் கிளினிக்கில் அந்த முகவரியைக் கொடுத்துவிடுங்கள், அங்குள்ள தாதி வந்து பார்ப்பார். அவசரத்துக்கு சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555, வீட்டில் அடி உதை, மிரட்டல் இருந்தால் தாலியான் காசே 15999.

இரத்தப்போக்கு திடீரென அதிகமானால், காய்ச்சல் வந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், தலைவலியோடு கண் மங்கினால் டாக்சிக் காசை எண்ணிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அதற்கென்று 200 ரிங்கிட்டை இளஞ்சிவப்புப் புத்தகத்தின் உறைக்குள்ளேயே வைத்திருங்கள்.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போகும் முன் பிள்ளையை எங்கே விடுவது என்பதை இரண்டாவது மாதத்திலேயே பார்த்துவிடுங்கள். சமூக நல இலாகாவில் பதிவு பெற்ற தாஸ்காவின் (குழந்தைப் பராமரிப்பு மையத்தின்) கட்டணத்துக்கு வரிக் கழிவு கிடைக்கும். நாலு பிள்ளையோ அதற்கு மேலோ வீட்டில் பார்த்துக்கொள்பவரும் பதிவு செய்ய வேண்டும். இன்னொன்று, கர்ப்பமாக இருக்கும்போது முதலாளி வேலையிலிருந்து நீக்கினால், அது கர்ப்பத்தால் அல்ல என்று நிரூபிக்க வேண்டியது முதலாளிதான். சம்பளச் சீட்டு, கடிதம், வாட்ஸ்ஆப் செய்திகளோடு அருகிலுள்ள தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். வழக்கறிஞர் இல்லாமலேயே புகார் செய்யலாம்.